கை கற்கும், மனம் பெறும்

(கோயம்புத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஈரோட்டிலிருந்து காங்கேயம் போகும் வழியில் அறச்சலூர் என்று ஓர் ஊர். ஊரையொட்டி நாகமலை. அந்த மலைக் குகைத்தளம் ஒன்றில், ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய எழுத்துகள் இருக்கின்றன. தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்தவை. 1960களின் தொடக்கத்தில் ஈரோட்டுப் புலவர் செ. இராசு அவர்கள் அவற்றை உலகறியச் செய்தார்கள். கல்வெட்டு என்றால் அரசன் பெயரையும் கொடுத்த நிலத்தையும் தேடுவது நம் வழக்கம். இங்கே அப்படி ஒன்றும் கிடையாது. த, தா, தை, தே என்ற ஒலிகள் மட்டும், வரிக்கு 5 எழுத்தாக, 5 வரிகளில் கட்டம் கட்டியதுபோல் நிற்கின்றன. முதல் வரியும் ஐந்தாம் வரியும் ஒன்றே. இரண்டாவதும் நான்காவதும் ஒன்றே. இடமிருந்து வலமாகப் படித்தாலும், வலமிருந்து இடமாகப் படித்தாலும், மேலிருந்து கீழே இறங்கினாலும், கீழிருந்து மேலே ஏறினாலும் ஒரே ஒலிவரிசைதான் வருகிறது. ஆடலுக்குரிய அடவுச் சொற்கள் என்பார் சிலர், முழவுக்குரிய சொற்கட்டு என்பார் சிலர். எதுவானாலும், காலோ கையோ தாளத்துக்குப் பழகுவதற்காக ஒருவர் யோசித்து அமைத்த பாடம் அது.

அமைத்தவர் தம் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார். மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் மணியையும் காசையும் நோட்டம் பார்ப்பவர். அறச்சலூருக்கு அருகே நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. மணிகளை அறுத்து, பட்டை தீட்டி, துளையிட்டு உலகெங்கும் அனுப்பிய ஊர் அது என்பதை அகழாய்வுகள் காட்டிவிட்டன. அப்படிப்பட்ட வட்டாரத்தில் மணி நோட்டம் பார்த்துப் பிழைத்த ஒருவர் தாளச் சொற்களைக் கோத்து, கோத்ததில் இவ்வளவு கணக்கழகு வைத்து, அதைக் கல்லிலும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இசை அவருக்குத் தொழிலாக இருந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தொழில் வேறாக இருந்தவரின் மனத்திலும் தாளம் இந்த அளவுக்குக் குடியிருந்தது. இன்று நான் பேசவிருக்கும் பொருளுக்கு இவரைவிடப் பொருத்தமான முன்னோர் கொங்கு நாட்டில் வேறு யாரும் எனக்குத் தென்படவில்லை.

இசைக்கருவி ஒன்றைக் கற்பதால் மனத்துக்கு என்ன நன்மை என்பதே பொருள். நான் கல்லூரியில் உளவியல் கற்பித்தவன். இளமையிலிருந்து மிருதங்கம் பழகி வருபவன். மேடைக் கலைஞன் அல்லன். ஆகவே பெரிய வித்துவான்களைப் பற்றிப் பேசப் போவதில்லை. வித்துவான் ஆகப் போகாத கோடிக்கணக்கான பேருக்கு, ஆலைத் தொழிலாளிக்கு, மளிகைக்கடைக்காரருக்கு, பள்ளிப் பிள்ளைக்கு, ஓய்வு பெற்ற பாட்டிக்கு ஒரு கருவி என்ன தரும் என்பதே என் கவலை.

கொங்கு நாடு இதைப் புதிதாகக் கேட்கவில்லை. பெருங்கதையை இயற்றிய கொங்குவேளிர் விசயமங்கலத்துக்காரர். அந்தக் காப்பியத்தில் உதயணன் கையில் கோடபதி என்ற யாழ் இருக்கிறது. மதயானையும் அதற்குக் கட்டுப்படும். உதயணனும் வாசவதத்தையும் மனம் கலப்பது யாழ் கற்பிக்கும் வேளையில்தான். ஆசான் விரல் போகும் இடம், மாணவி காது போகும் இடம், இரண்டும் கூடக்கூட உள்ளம் மாறுவதைக் கதையின் நடுவே வைத்திருக்கிறார் நம் புலவர். அந்த நூலை உ.வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்திராவிட்டால் இதுவும் நமக்கு இல்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லாரும் கொங்கு நாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர் என்பது மரபு. 21 நரம்புள்ள பேரியாழ் முதல் 7 நரம்புள்ள செங்கோட்டியாழ் வரை, குழலின் துளை, தோற்கருவிகளின் வகை என்று பழந்தமிழர் இசைக்கருவிகளைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பங்கு அவர் உரையால் வந்தது. விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ் நூலுக்கும் அந்த உரை அடித்தளங்களில் ஒன்று.

இனி இன்றைய நிலைக்கு வருகிறேன். நம் ஊர்களில் கீபோர்டு வகுப்பு, அபாகஸ் வகுப்பு, நினைவாற்றல் பயிற்சி மூன்றும் ஒரே பலகையில் எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கிறோம். இசை கற்றால் கணக்கு வரும், மதிப்பெண் கூடும், மூளை வளரும் என்று பெற்றோரிடம் சொல்லிச் சேர்க்கிறார்கள். இந்த வாக்குறுதியின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1993இல் அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. மொசார்ட்டின் இரட்டைப் பியானோ இசையைப் 10 நிமிடம் கேட்டவர்கள், காகிதத்தை மடித்து வெட்டுவதுபோன்ற இடவுணர்வுக் கணக்குகளைச் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலனும் 10, 15 நிமிடத்தில் மறைந்துவிட்டது. இவ்வளவுதான் கண்டுபிடிப்பு. அது ஊர் ஊராகப் பரவியபோது, மொசார்ட் கேட்டால் குழந்தை அறிவாளியாகும் என்று ஆகிவிட்டது. 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்டார். பிறகு 2010இல் வியன்னா ஆய்வாளர்கள் ஏறக்குறைய 40 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அப்படியொரு தனிச்சிறப்பான விளைவு இல்லை என்று முடித்தார்கள்.

கேட்பது போகட்டும், கற்பது? அங்கும் நேர்மையாகப் பேச வேண்டும். 2004இல் கனடாவில் 6 வயதுக் குழந்தைகள் 144 பேரைப் பிரித்து, சிலருக்குக் கீபோர்டு, சிலருக்குப் பாட்டு, சிலருக்கு நாடகம் கற்பித்து, சிலருக்கு எதுவும் கற்பிக்காமல் ஓராண்டு பார்த்தார்கள். இசை கற்றவர்களின் நுண்ணறிவு ஈவு மற்றவர்களைவிடச் சில புள்ளிகள் மட்டும் கூடியது. 2020இல் 54 ஆய்வுகளை, ஏறத்தாழ 7,000 பிள்ளைகளின் கணக்கை, ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, செம்மையாக நடத்திய ஆய்வுகளில் அந்தக் கூடுதல் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. ஆகவே, மதிப்பெண்ணுக்காகப் பிள்ளையை வயலின் வகுப்பில் சேர்க்காதீர்கள் என்று மேடையிலிருந்து சொல்லுகிறேன். மதிப்பெண் கூடவில்லை என்று அடுத்த ஆண்டே நிறுத்திவிடுவீர்கள். உண்மையான பலன் தொடங்குவதற்குள் கதவு மூடிவிடும்.

உண்மையான பலன் என்று நான் கருதுவது என்ன? முதலாவது, பழகப் பழக மூளையே மாறுகிறது. இது உறுதியாகத் தெரிந்த செய்தி. 1995இல் ஜெர்மனியில் தந்திக்கருவி வாசிப்பவர்களைச் சோதித்தார்கள். தந்தியை அழுத்தும் இடக்கை விரல்களுக்கு மூளையில் ஒதுக்கப்பட்டிருக்கும் பரப்பு, வாசிக்காதவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. எவ்வளவு இளமையில் தொடங்கினார்களோ அவ்வளவு பெரிது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, 7 வயதுக்கு முன் தொடங்கியவர்களுக்கு மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றையின் முன்பகுதி தடித்திருப்பதைக் காட்டியது. பிறவியிலேயே அப்படி இருந்ததால்தான் இசைக்கு வந்தார்களோ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகவே 6 வயதுப் பிள்ளைகளை எடுத்து, தொடக்கத்தில் மூளையைப் படம்பிடித்து, 15 மாதம் கீபோர்டு கற்பித்து மீண்டும் படம்பிடித்தார்கள். தொடக்கத்தில் வேறுபாடு இல்லை. பிறகு, கையசைவுக்கும் கேட்டலுக்கும் உரிய பகுதிகளில் வேறுபாடு வந்திருந்தது. 2009இல் வெளிவந்த ஆய்வு இது. பயிற்சி மூளையைச் செதுக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் மூளைப் படத்தைவிட எனக்கு முக்கியமானது, பழகும் நேரத்தில் மனத்துக்குள் நடப்பது. மிருதங்கத்தில் முதல் பாடம் ததிதொம்நம். நான்கு சொல். என் ஆசிரியர் மாதக்கணக்கில் வேறு எதையும் வாசிக்க விடவில்லை. தொப்பியில் ரவை பூசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன், வலந்தலையின் கரணையைத் தொட்டுப் பார்ப்பேன், பிறகு அதே நான்கு சொல். முதலில் வாயால் சொல்ல வேண்டும். சொன்னதைக் கை செய்ய வேண்டும். முதல் காலத்தில் சரியாக வராதவனுக்கு இரண்டாம் காலம் கிடையாது. சிறுவனாக இருந்தபோது இது தண்டனையாகத் தோன்றியது. உளவியல் படித்தபிறகுதான், அந்த நான்கு சொல்லில் எத்தனை வேலை நடந்தது என்று விளங்கிற்று. வாய் ஒன்றைச் சொல்ல, இரு கைகளும் வெவ்வேறு செயலைச் செய்ய, காது கண்காணிக்க, மனம் அடுத்த சொல்லை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்கிறது. இவை அனைத்தும் ஒரு நொடிக்குள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிழை செய்தால் அந்த நொடியே காதில் விழுந்துவிடுகிறது. நம் பள்ளிகளில் பிள்ளை செய்யும் பிழை, விடைத்தாள் திருத்தி வரும்போது, சிவப்பு மையில், ஒரு வாரம் கழித்துத் தெரிகிறது. அப்போது அது பிழையாக இல்லை, அவமானமாக இருக்கிறது. கருவியின் முன் உட்கார்ந்த பிள்ளை ஒரு மணி நேரத்தில் நூறு தடவை தவறு செய்கிறது, நூறு தடவை திருத்திக்கொள்கிறது, யாரும் திட்டுவதற்கு முன் தானே திருத்திக்கொள்கிறது. தவறுவது கற்பதன் பகுதி என்று நாம் சொற்பொழிவு செய்து புரியவைக்க முடியாததை, சரளி வரிசை சொல்லாமலே புரியவைத்துவிடுகிறது. தேர்வு முடிவு வரும் மாதங்களில் நம் பிள்ளைகள் சிலரை இழந்துவிடுகிறோம். அந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், தோற்றுப் பழகுவதற்கு நாம் அவர்களுக்கு ஓர் இடமும் கொடுக்கவில்லையே என்று என் மனம் பதறுகிறது. இசைக்கருவி அப்படி ஓர் இடம்.

இரண்டாவது, பிறரைக் கேட்கும் பழக்கம். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடங்களுக்குள் நின்று பேசியவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தத்தில் ஒரு சொல்லைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று. இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்கும் திறன் இசைக்கருவி பயின்றவர்களிடம் கூடுதலாக இருப்பதாக 2009 முதல் சில ஆய்வுகள் சொல்லி வருகின்றன. எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆனால் கேட்டல் என்று நான் சொல்வது காதின் கூர்மையை மட்டும் அன்று. ஈரோடு, கோபி, சத்தி வட்டாரங்களில் மாரியம்மன் நோன்பு சாட்டி, கம்பம் நட்டுவிட்டால், இரவுதோறும் கம்பத்தைச் சுற்றி ஆட்டம் நடக்கும். பண்ணாரியில் மலைவாழ் மக்கள் பீனாச்சி ஊத, தாரை தப்பட்டை முழங்கும். அந்த அடியை அடிப்பவர்களைப் பாருங்கள். ஒருவர் அடியை மாற்றினால் அடுத்தவர் கண்ணைக்கூடப் பார்க்காமல் மாற்றிவிடுகிறார். ஒருவர் களைத்தால் மற்றவர் தாங்கிக்கொள்கிறார். தன் கையை அடக்கிப் பக்கத்துக் கையைக் கேட்பவருக்குத்தான் அந்த வட்டத்தில் இடம். வீட்டிலும் அலுவலகத்திலும் நமக்குக் குறைந்துகொண்டே வருவது இந்தப் பண்பு.

மூன்றாவது முதுமை. கொங்கு நாட்டில் பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, பெரிய வீட்டில் இருவர் மட்டும், பிறகு ஒருவர் மட்டும் என்று வாழும் முதியவர்கள் பெருகிவிட்டார்கள். மறதி நோய் பற்றிய அச்சம் எல்லோருக்கும் இருக்கிறது. நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாசிப்பு, சதுரங்கம்போன்ற பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசித்தல், நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. சுவீடனில் இரட்டையர்களை ஒப்பிட்டு 2014இல் வந்த ஆய்வும் அதே திசையைக் காட்டியது. ஒரே வயிற்றில், ஒரே வீட்டில் வளர்ந்த இருவரில் கருவி வாசித்தவருக்கு நோய் வாய்ப்புக் குறைவு. வாசிப்பதால் நோய் வராது என்று இவை நிறுவிவிடவில்லை. மனம் தெளிவாக இருப்பவர்கள்தான் வாசிப்பைத் தொடர்கிறார்கள் என்றும் ஒருவர் வாதிடலாம். ஆனாலும் 60 வயதுக்கு மேல் முதன்முதலாகப் பியானோ கற்றவர்களிடம் ஆறே மாதத்தில் கவனமும் செயல்வேகமும் கூடியதை 2007இல் ஒரு சோதனை கண்டது. அறுபதில் தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தாராளமாகத் தொடங்கலாம்.

பக்கவாதத்தால் கை விழுந்தவர்களுக்கு ஜெர்மனியில் மூன்று வாரம் பியானோவும் முரசுப் பலகையும் பழக்கி, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடக் கையசைவு நன்றாகத் திரும்பியதைக் கண்டார்கள். லண்டனில் மனநலச் சிகிச்சையில் இருந்தவர்களைக் கூட்டி, 10 வாரம் ஆப்பிரிக்க முரசு அடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன என்று 2016இல் அறிவித்தார்கள். மருந்தை நிறுத்திவிட்டு முரசைத் தூக்குங்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. மருத்துவத்துக்குத் துணையாக ஒரு கருவி நிற்கும். கூடி அடிக்கும்போது இன்னும் உறுதியாக நிற்கும்.

கூடி அடிக்கும் முரசைத் தேடி நாம் ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டுமா? பறை இருக்கிறது, பம்பை இருக்கிறது, துடும்பு இருக்கிறது, ஜமாப் இருக்கிறது. இங்கே நான் சற்று நின்று பேச வேண்டும், முதலில் உடுக்கையைப் பற்றி.

கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயத்துக்கு அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தார். 1965இல் அங்கே அண்ணன்மார் கதையை முழுமையாக ஒலிப்பதிவு செய்தார். உடுக்கை அடித்துப் பாடிய பாடகர்கள் அதை முடிக்க 18 இரவுகள் ஆயின. பொன்னரும் சங்கரும் அருக்காணித் தங்காளும் அவர்கள் வாயில் இரவிரவாக வாழ்ந்தார்கள். கையில் ஏடு கிடையாது. ஒரு கை உடுக்கையின் இடைக்கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் சுருதியை ஏற்றி இறக்க, மறு கை அடிக்க, வாய் கதை சொல்ல, கண் கூட்டத்தைக் கவனிக்க, துணைப்பாடகர் எடுத்துக்கொடுக்கும் கேள்விக்கு அங்கேயே விடை சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தவரை, நினைவாற்றலையும் கவன ஒருங்கிணைப்பையும் அளக்கும் ஆய்வகம் எதுவும் இப்படிப்பட்ட ஒருவரை உட்கார வைத்து அளக்கவில்லை. மேலே நான் சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலும் பியானோவும் வயலினும்தான். உடுக்கைக்காரரின் மூளைப் படம் நம்மிடம் இல்லை. நம் கோவையில் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, படமெடுக்கும் கருவிகள் இருக்கின்றன. அந்த ஆய்வை நாம்தான் செய்ய வேண்டும். பாடுவோர் இன்னும் சிலர் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

ஏன் இதுவரை செய்யவில்லை என்பதற்கு விடை நம் எல்லோருக்கும் தெரியும். பறையடிப்பதைப் பிறப்போடு கட்டிப்போட்டோம். சாவுக்கு அடி என்று கட்டளையிட்டோம். அடித்தவர்களைத் திண்ணைக்குக்கூட ஏற்றவில்லை. அருந்ததியர் முதலான மக்கள் தலைமுறைகளாகக் காத்து வந்த தாள அறிவை, அறிவு என்றே நாம் ஒப்பவில்லை. தோலைத் தீயில் காய்ச்சி, விரலால் சுண்டி, நாதம் வந்துவிட்டதா என்று ஒரு பெரியவர் காதால் தீர்மானிக்கிறாரே, அது கேள்வியறிவின் உச்சம். அடிக்குச்சி ஒரு கணக்கிலும் சிம்புக்குச்சி வேறு கணக்கிலும் ஓட, கால் மூன்றாவது கணக்கில் ஆட, அந்தப் பெரியவருக்கு அறிவு வளர்ச்சிப் பயிற்சி தருகிறோம் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். அவரிடம் நாம் போய்ப் பயிற்சி பெற வேண்டும். கட்டாயமும் இழிவும் உள்ள இடத்தில் கருவி மனத்தைக் காயப்படுத்தவும் செய்யும் என்பதை இசையின் நன்மை பேசுகிற யாரும் மறக்கக்கூடாது. அதனால்தான் தம் பிள்ளைகள் பறையைத் தொடவே வேண்டாம் என்று பல பெற்றோர் முடிவெடுத்தார்கள். அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை.

நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. கோவையில் கல்லூரி மாணவிகளும் கணினி நிறுவன ஊழியர்களும் வார இறுதியில் பறை பழகுகிறார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன் அவர்கள், வள்ளி ஒயில் கும்மிக்காக 87 வயதில் அந்த விருதைப் பெற்றார். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். மகிழ்ச்சி. ஆனால் நகரத்தார் பறை கற்பதோடு நீதி முடிந்துவிடாது. கற்றுக்கொடுக்கும் ஆசானுக்கு ஆசிரியர் என்ற நாற்காலியும் சம்பளமும் கிடைக்க வேண்டும்.

கருவிகள் நிறைந்த இடத்தில் ஒரு பிள்ளையை விட்டாலே போதும் என்பதற்கும் இந்த ஊரில் சான்று உண்டு. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசைக்குழுவுக்கு அருகே, ஏவல் வேலை செய்யும் பையனாக ஒருவர் இருந்தார். வாத்தியக்காரர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கேட்டு ஆர்மோனியத்தில் தேர்ந்தார். அவர்தான் எம்.எஸ். விசுவநாதன்.

இன்று பிள்ளைகளைக் கருவிக்கு அருகே விடாதவர்கள் நாம். எட்டாம் வகுப்புவரை இசை வகுப்புக்கு வரும் பிள்ளை ஒன்பதில் நின்றுவிடும். "பத்தாவது முடியட்டுங்க, அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்று அம்மா சொல்வார். பத்து முடிந்தால் பன்னிரண்டு, பிறகு நீட், பிறகு வேலை. தேர்வு ஒன்றையே பார்க்கும் நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளின் வழி இப்போது கொங்கு முழுவதற்கும் வழியாகிவிட்டது. பாட்டு வகுப்பு நேரம் பெயருக்கு அட்டவணையில் இருக்கும், கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார். மனம் மிக அதிகமாக அலைக்கழியும் 14, 15 வயதில், அதைக் கட்டி நிறுத்தக்கூடிய ஒன்றைப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறோம். நாளுக்கு அரை மணி நேரம் வாசித்ததால் எந்தப் பிள்ளையின் தேர்வும் கெட்டதாக என் ஆசிரியப் பணிக்காலத்தில் நான் பார்க்கவில்லை. கோயில்களிலும் இதே கதைதான். தீபாராதனைக்கு மின்சார முரசு பொத்தானை அழுத்தியதும் முழங்குகிறது. நாதசுரமும் தவிலும் வாசித்த குடும்பத்துப் பையன் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். பெற்றோருக்கு: பத்தாம் வகுப்பிலும் கருவியை நிறுத்தாதீர்கள். நேரத்தைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். அரங்கேற்றம், சான்றிதழ், போட்டி எதையும் கேட்காதீர்கள். பிள்ளை வாசிக்கும்போது கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

பெரியவர்களுக்கு: உங்கள் பேரனைச் சேர்க்கும் வகுப்பில் நீங்களும் சேருங்கள். விரல் வளையவில்லை என்றால் வளையும் கருவியை எடுங்கள். சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு கஞ்சிரா தட்டினாலும் அது பயிற்சிதான்.

இந்த ஊரின் தொழிலதிபர்களுக்கு: 1888இல் முதல் நூற்பாலை வந்த நாளிலிருந்து இந்த நகரம் பள்ளியும் மருத்துவமனையும் கட்டியவர்களின் நகரம். இன்னொரு கட்டடம் வேண்டாம். உங்கள் ஆலை இருக்கும் ஊரின் அரசுப் பள்ளிக்கு மிருதங்கம், வயலின், பறை, புல்லாங்குழல் வாங்கிக் கொடுங்கள். அந்த ஊரிலேயே இருக்கும் பறைக் கலைஞரையும் தவில்காரரையும் வாரத்தில் இரண்டு நாள் ஆசிரியராக அமர்த்தி, மாதச் சம்பளம் கொடுங்கள். 2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. அங்கே பரிசு வாங்கும் பிள்ளை பலருக்கு, வீட்டில் பழகச் சொந்தக் கருவி கிடையாது.

எங்கே கற்பது என்று கேட்பவர்களுக்கு: நம் மலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. ஈரோட்டிலும் கரூரிலும் சேலத்திலும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய 7 பாடங்களை 3 ஆண்டு கற்பிக்கிறார்கள். கட்டணமும் மிகக் குறைவு. இந்த அவையில் இருப்பவர்கள் ஆளுக்கொரு பிள்ளையை வரும் கல்வியாண்டில் அங்கே அழைத்துப்போய்ச் சேர்த்துவிடுங்கள்.